மருந்து ஊற்றாத தொட்டி

என் கணக்கில் முந்நூற்று நாற்பது வீடு.
கதவு தட்டி, டார்ச் அடித்து,
சிமெண்ட் தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தட்டு,
பொடக்காளியில் கிடக்கும் டயர்,
எல்லாவற்றிலும் எட்டிப் பார்ப்பேன்.
நெளிந்தால் கொட்டணும்.
கொட்ட முடியாததற்கு மருந்து.
சுவரில் சாக்பீஸால் தேதி, பக்கத்தில் ‘ச.’
சம்பூரணம் என்று முழுசாய் எழுத
யார் வீட்டுச் சுவரிலும் இடம் தரமாட்டார்கள்.

ஐப்பசியில் ராத்திரி முழுக்க ஊத்தின மழைக்கு
அடுத்த வெடியால,
காங்கயம் ரோட்டில் விலைபோகாத சைட்டில்
ஜேசிபி பதிந்த பள்ளத்தில்
சவ்வரிசி மிதந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புப் பொட்டு.
மத்தியானத்துக்குள் பள்ளம் வற்றிவிடும்.
மருந்து டப்பாவை அக்கட்டால வைத்துவிட்டு
சோத்தை நாய்க்குப் போட்டேன்.
டிபன் பாக்ஸ் நிறைய முட்டையோடு
மீதி நூற்றிப் பத்து வீடு ஏறி இறங்கினேன்.

போர் தண்ணியில் சாயப்பட்டறை வாசம்.
அதில் விட்ட மூன்று மல்லாந்தது.
குழாயில் நல்லதண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா;
பிடித்து, பிளீச்சிங் நெடி போக
ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினேன்.
தன்யஸ்ரீயைக் குளிப்பாட்டின ரோஸ் டப்.
நாலு விரல் ஆழம், அதற்கு மேல் வேண்டாம்.
வேகவைத்த அரைக்கீரை, நகக்கண்ணளவு.
மிச்சத்தை டீ வடிகட்டியில் எடுத்துவிடணும்,
இல்லாவிட்டால் விடியும்போது தண்ணி நாறும்.

பதினோராம் நாள் எண்ணினோம்.
நாற்பத்தாறு, முப்பத்தொன்பது ஆகியிருந்தது.
பூனை இல்லை. காக்கை இல்லை.
பெரிசு ஒன்று சின்னதின் வாலைப் பிடித்திருந்தது,
என் மகள் முறுக்குத் தின்பதுபோல,
அவசரமே இல்லாமல்.
“கீரை பத்தலைம்மா,” என்றாள்.

தயிர் கப், ஐஸ்கிரீம் கப், டீக்கடை பேப்பர் கப்.
பெரிசு பெரிசோடு, சிறிசு சிறிசோடு,
ரொம்பப் பெரிசு தனியாக.
மேலே பனியன் வேஸ்ட் வெட்டிக் கட்டினேன்.
அன்றிலிருந்து நான் தொட்டியைக் கொட்டுவதில்லை,
வடிகட்டுகிறேன்.
பொழுதோட வீடு திரும்பும்போது
கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருநூறு புழு நெளியும்.
தின்கிற அளவுதான் விடணும்.
மிஞ்சினது மூணாம் நாள் இறக்கையோடு எழுந்தால்
என் வேலைக்கே வேட்டு.
படிவத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.
பொய் இல்லை.
எப்படி என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

மேஸ்திரி மகுடீஸ்வரன் ஒருநாள்
சொல்லாமல் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார்.
அவர் டார்ச் என்னுடையதைவிடப் பெரிசு.
“ஏம்மா, இது என்னது?”
வெளிச்சத்துக்கு ஒரு புழு மேலேறியது.
அவர் வாய் திறப்பதற்குள் வேறொரு வாய் திறந்து மூடியது.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
அப்புறம் அபராதச் சீட்டு எடுத்தார். ஐநூறு.
வீட்டுக்காரர் கையெழுத்து ஒரு பக்கம்,
பகுதிப் பணியாளர் கையெழுத்து மறுபக்கம்.
ரெண்டையும் நான்தான் போட்டேன்.
செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்:
“பின்னங்கால் வந்திருச்சாட்டருக்குது?”
“வந்திருச்சுங்க.”

முன்னங்கால் வந்த அன்று தின்பதை நிறுத்தின.
நான் பயந்தேன். வாலைத்தான்
உள்ளுக்குள்ளேயே கரைத்துத் தின்றுகொண்டிருந்தன.
ஏறி நிற்க உடைந்த ஓடு வைத்தேன்.
வைக்க மறந்த கப்பில் இருந்தது
வளர்ந்து முடித்து, தண்ணியிலேயே மூழ்கிச் செத்தது.
அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பள்ளம் இருந்த சைட்டில் இப்போது பில்லர்.
இருநூற்றிப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டில்
பூட்டிக் கிடக்கும் தோட்டத்துக் கிணறு,
படி இடிந்தது, மாதாமாதம் நான் மருந்து ஊற்றுவது.
பதினேழு பேரை அங்கே இறக்கினேன்.
சுவரில் தேதி எழுதினேன். ‘ச.’
மருந்துக் கட்டத்தில் ஒரு கோடு.

வெயில் தாண்டி முதல் மழைக்குக் கத்த ஆரம்பிக்கும்.
தூங்க முடியலை என்று பக்கத்து வீட்டுக்காரம்மா
புகார் கொடுக்கும்.
அதையும் நான்தான் போய் விசாரிக்கணும்.